கிழங்கைப் பார்க்காமல் விலை சொன்ன வெப்சைட்

மரவள்ளிக் கிழங்குக்கு எந்த மில்லில் நல்ல விலை கிடைக்கும் என்று ஊருக்கே சொல்லும் ஒரு வெப்சைட்டை ஏழு மாதம் நடத்தியவன் நான். அந்த ஏழு மாதமும் எனக்குக் கிழங்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், நிஜமாகவே தெரியாது. சந்தையில் நான் பொறுக்கி எடுத்து வரும் கிழங்கு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. அதனால் எங்கள் வீட்டில் எனக்குக் கிழங்கு வாங்கத் தடை இருக்கிறது. தேங்காய்க்கும் இருக்கிறது, அது வேறு கதை.

இப்படிப்பட்டவன்தான், பத்து மாதப் பயிரை லாரியில் ஏற்றி எங்கே கொண்டுபோகலாம் என்று மற்றவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. சிட்டா எடுத்துக் கொடுப்பேன், ஆதார் கார்டை லேமினேஷன் போடுவேன், பரீட்சை விண்ணப்பம் அனுப்புவேன். வீட்டுக்கு மிக்ஸி வாங்க வேண்டியிருந்தபோது, நாலு கடையின் விலையையும் ஒரே பக்கத்தில் காட்டும் வெப்சைட் ஒன்றைப் பார்த்தேன். இருப்பதிலேயே குறைந்த விலைக்கு ஒன்றை வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்த என் மனைவி, “மூணாவது ஜாரு எங்கங்க?” என்றாள். மூணாவது ஜார் இல்லாததால்தான் விலை குறைவு. அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது வேறு. மிக்ஸிக்கு இப்படி ஒன்று இருக்கும்போது கிழங்குக்கு ஏன் இல்லை?

எங்கள் பக்கத்தில் கிழங்கு விற்பது என்றால் சேகோ மில்லுக்குக் கொண்டுபோவது. அங்கேதான் அது மாவாகி ஜவ்வரிசியாகிறது. மில்லுக்கு மில் விலை வேறு. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் எந்த மில்லில் எவ்வளவு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆளுக்கொரு பதில் வரும். இதை ஒரே பக்கத்தில் போட்டால் மக்கள் என்னைக் கும்பிடுவார்கள் என்று நினைத்தேன். வீடியோ பார்த்துப் பார்த்து நானே ஒரு வெப்சைட் செய்தேன். மேலே ஒரு கிழங்குப் படம் வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் முள்ளங்கி நன்றாக இருக்கிறது என்றார்கள்.

விலையை எப்படிச் சேகரிப்பது? காலையில் கடை திறந்ததும் ஆறு மில்லுக்கும் போன் செய்வேன். வெப்சைட் என்று சொன்னால் சொல்ல மாட்டார்கள் என்று, என்னையே ஒரு விவசாயியாக ஆக்கிக்கொண்டேன். நம்பகமான தகவலைத் தருவதற்காகத் தினமும் ஆறு பொய் சொன்னேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

“ஒரு லோடு கெழங்கு இருக்குதுங்க. இன்னிக்கி ரேட்டு இன்னாங்க?”

“இன்னா ரகம்? முள்ளுவாடியா, தாய்லாந்தா?”

“ரெண்டும் கலந்துதாங்க.”

“எத்தினி மாசக் கெழங்கு?”

“நாலு மாசங்க.”

அந்தப் பக்கம் மிஷின் சத்தத்துக்கு மேலே ஒரு சிரிப்பு கேட்டது.

“நாலு மாசத்துல வெறும் குச்சிதாங்க இருக்கும். யாருங்க பேசறது?”

இப்படியே ஒவ்வொருவரிடமும் மாட்டிக்கொண்டேன். ஆனால் ஆச்சரியம், மாட்டிக்கொண்ட பிறகு வேலை சுலபமாகிவிட்டது. “வெப்சைட்டு சாருங்களா, எய்திக்கோங்க” என்று அவர்களே விலை சொன்னார்கள். அதிலும் ஆத்தூர் ரோட்டில் தள்ளி இருந்த ஒரு மில்லின் கணக்கர் தினமும் அவராகவே கூப்பிடுவார். “மத்தவங்க எவ்ளோ சொல்லிகிறாங்க? அதுக்கு மேல ஒரு ரூவா போட்டுக்கோங்க சார்.” என் வெப்சைட்டால்தான் விலை ஏறுகிறது, விவசாயிகள் பிழைத்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. மனைவியிடம் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். “அவன் ஏன் உங்களுக்குத் தானா போன் பண்றான்?” என்று கேட்டாள். என் பெருமையைக் கெடுப்பதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

விலையைச் சொல்லும் முறை இதுதான். கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதைப் பாயிண்ட் என்பார்கள். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று மில் சொல்லும். மூட்டையில் இருக்கிற கிழங்கு எத்தனை பாயிண்ட்டோ, அதால் பெருக்கினால் மூட்டை விலை. ஆத்தூர் ரோட்டு மில் பாயிண்டுக்கு இருபத்து நாலு ரூபாய் சொன்னது. அது என் பட்டியலில் முதலிடம், பச்சைக் கலர், பக்கத்தில் ஒரு டிக் அடையாளம். ‘நம்பகமானது’ என்று அதற்குக் கீழே எழுதினேன். யார் நம்பினார்கள் என்று கேட்டால், நான்தான். சின்னசேலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு பழைய மில் இருபத்தொன்றுக்கு மேல் ஏறவே இல்லை. அது கடைசி இடம், சிவப்புக் கலர்.

ஒரு நாள் அந்தச் சிவப்பு மில் முதலாளியே கூப்பிட்டார்.

“யோவ், எம் மில்லுக்கு இன்னாத்துக்குய்யா செவப்பு போட்டுகிற?”

“ரேட்டு கம்மியா இருந்தா தானா செவப்பாயிடுதுங்க. நான் போடறதில்ல, கம்ப்யூட்டர் போடுது.”

“அப்ப போன கம்ப்யூட்டர்கிட்ட குடு.”

நான் என்ன செய்வது? சிவப்பைக் கொஞ்சம் ரோஸ் ஆக்கினேன். அடுத்த நாள் மறுபடியும் கூப்பிட்டார். “செவப்பே தேவலாம்யா” என்றார்.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊர் அக்கா ஒருவர் மாசத்துக்கு ஒரு தடவையாவது பஸ்ஸில் இறங்கி வந்து என் கடையில் ஏதாவது பிரிண்ட் எடுப்பார். அக்கா என்று நான் கூப்பிடுகிறேனே தவிர, என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவர். அவர் என்னை அண்ணா என்பார். எங்கள் ஊர்க் கடைகளில் இது வழக்கம்தான், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலை. மலையில் ஒன்றரை ஏக்கரை அக்காதான் பார்த்துக்கொண்டார். வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய ரூம், ஒரு சமையல் ரூம். சுவர் ஏறி, ஜன்னலுக்கு மேலே வந்து, ஒரு வருஷமாக அப்படியே நின்றது. மேலே காங்கிரீட் போட வேண்டும். அந்த வருஷக் கிழங்கை நம்பித்தான் மேஸ்திரியிடம் நாள் சொல்லியிருந்தார். மழை பிடிப்பதற்குள் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் சுவர் நனையும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். சிமெண்டு விலையை என்னிடம்தான் அவர் விசாரிப்பார். சிமெண்டைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் சொல்வேன்.

மாசி மாதம் ஒரு நாள் வந்தவர், கடைக்கு வெளியிலேயே நின்று கேட்டார்.

“அண்ணா, போன்ல கெழங்கு வெல பாக்கறாங்களாமே, அது உங்களுதா?”

“என்னுதுதான் அக்கா. வா, உள்ள வா, உக்காரு.”

ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

“நாங்க எப்பவும் போடற மில்லு கடேசில கீதேண்ணா.”

“அதான் உன்ன மாதிரி ஆளுங்களுக்குத் தெரியணும்னுதான் அக்கா இத போட்டதே. பாயிண்டுக்கு மூணு ரூவா வுட்டுகினு கீற.”

“அப்ப மேல கீற இது?”

“கண்ண மூடிக்கினு போடலாம்.”

இதைச் சொன்னது நான். கம்ப்யூட்டர் இல்லை.

“ஒரு ரூமுக்காவது கம்பி ஜாஸ்தி போடலாம்னு மேஸ்திரி சொல்லிகினே இருந்தாரு” என்றார் அக்கா. விரல்களை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். கணக்கு முடிந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “நீங்களும் கூட வாங்கண்ணா. புது மில்லு, எனுக்கு யாரையும் தெரியாது.”

நானும் போனேன். என் வெப்சைட் வேலை செய்வதை நேரில் பார்க்கும் ஆசைதான். போட்டோ எடுத்து முதல் பக்கத்தில் போடலாம் என்றும் நினைத்திருந்தேன். அதற்காக இஸ்திரி போட்ட சட்டை.

லாரி மலை இறங்கி கச்சிராயபாளையம் வழியாக வந்தது. கள்ளக்குறிச்சியில் நான் ஏறிக்கொண்டேன். டிரைவர், அக்கா, நான், மூன்று பேரும் முன்னாலேயே உட்கார்ந்தோம். கிழங்கை முந்தின நாள் பிடுங்கியிருந்தார்கள். பிடுங்கின கிழங்கு ரெண்டு நாளைக்கு மேல் தாங்காது, உள்ளே நீலம் நீலமாகக் கோடு விழுந்துவிடும் என்று டிரைவர்தான் சொன்னார். எனக்கு அது புதுச் செய்தி. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

போகிற வழியில் சிவப்பு மில் வந்தது. கேட் திறந்திருந்தது. வெளியில் நாலைந்து லாரி நின்றது.

“யக்கா, இங்கதான எப்பவும்?” என்று டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

“இன்னிக்கி இல்ல, போ” என்றார் அக்கா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பச்சை மில்லில் எங்கள் முறை வரப் பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அங்கேதான் வாழ்க்கையில் முதல் முறையாகப் பாயிண்ட் பார்ப்பதைப் பார்த்தேன். லோடிலிருந்து ஒரு கூடை கிழங்கு எடுக்கிறார்கள். அதை முதலில் வெளியில் எடை போடுகிறார்கள். அப்புறம் அதே கூடையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடுகிறார்கள். மாவு நிறைய இருந்தால் தண்ணீருக்குள்ளும் கனக்கும். கனத்தை வைத்துப் பாயிண்ட் சொல்கிறார்கள். அதாவது, ஒரு லாரிக் கிழங்கின் விலையும் அந்த ஒரு கூடையில் இருக்கிறது. ஏழு மாதம் தினமும் ‘பாயிண்ட்’ என்று டைப் அடித்தவனுக்கு அன்றைக்குத்தான் கூடை என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

மில் ஆள் லாரியின் மேல் ஏறி, ஒரு மூலையில் குந்திக்கொண்டு, அங்கிருந்தே எடுத்து எடுத்துக் கூடையில் போட்டார். எல்லாம் வால் மாதிரி ஒல்லிக் கிழங்கு.

“இன்னாங்க ஓரமாவே பொறுக்கறீங்க? நடுவுல கைய வுட்டு எடுங்க” என்றார் அக்கா.

“எங்க எடுத்தாலும் உங்க கெழங்குதாம்மா.”

“நான் நாலு எடுத்துப் போடறேன்” என்று அக்கா லாரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறினார்.

“இங்க அதெல்லாம் பழக்கமில்லம்மா. கீழ எறங்கு.”

கூடை தண்ணீருக்குள் போனது. வந்தது. “இருபத்திரண்டு” என்றார் ஆள்.

அக்கா அவரையே பார்த்தார். “என் கொல்லையில இருபத்தேழுக்குக் கீழ எறங்கனதே இல்லீங்க. இன்னொரு தபா போடுங்க.”

இன்னொரு தரம் போட்டார்கள். அதே கூடை, அதே கிழங்கு. அதே இருபத்திரண்டு.

நான் நடுவில் புகுந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆபீஸ் ரூமுக்குப் போனேன். போனில் என் வெப்சைட்டைத் திறந்து கணக்கரிடம் நீட்டினேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“அடடே, வெப்சைட்டு சாருங்களா! குரல கேட்டுகினே இருந்தேன், இன்னிக்கிதான் நேர்ல பாக்கறேன். யப்பா, சாருக்கு ஒரு டீ!”

“டீ இருக்கட்டுங்க. இது நம்ம அக்கா லோடு. பாயிண்ட் கம்மியா சொல்றாங்க.”

“ரேட்டு இன்னா போட்டுகிறீங்க சார்? இருபத்து நாலு. அதே இருபத்து நாலுதான் குடுக்கறோம். ஒரு ரூவா கொறச்சமா? நீங்களே சொல்லுங்க.”

குறைக்கவில்லை. என் பட்டியலில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் எனக்குக் குழப்பம். எல்லாமே சரியாக இருந்தது, ஆனால் வெளியில் ஒரு பெண் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நாலு பேருக்கு நடுவில், தன் கிழங்கு நல்ல கிழங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். டீ வந்தது. நான் வாங்கிக் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கையில் கிளாஸோடு நான் வெளியில் வந்ததை அக்கா பார்த்தார்.

டிரைவர் ஒரு பீடி அட்டையின் பின்பக்கம் பெருக்கிக் காட்டினார். இங்கே இருபத்து நாலை இருபத்திரண்டால் பெருக்கினால், மூட்டைக்கு ஐந்நூற்று இருபத்தெட்டு. எப்பவும் போடுகிற மில்லில் இருபத்தொன்றை இருபத்தேழால் பெருக்கினால், ஐந்நூற்று அறுபத்தேழு. பச்சைதான் கீழே, சிவப்புதான் மேலே. நான் அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“அண்ணா, இப்ப இன்னா பண்றது?”

அக்கா என்னைத்தான் கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து என் வெப்சைட்டைப் பார்த்தேன். நானே எழுதின வெப்சைட். நீங்கள் நிற்கிற இடத்துக்கே போங்கள் என்று பச்சையாகச் சொன்னது.

“இங்கியே போட்டுடலாமா அக்கா? வெயிலு வேற...” என்று இழுத்தேன்.

அவர் லாரிப் பக்கம் நடந்தார். டிரைவரிடம், “வண்டிய திருப்பு” என்றார்.

“யக்கா, திரும்பப் போனா வாடகை தனியா ஆவும். அங்க க்யூவு வேற நிக்குது.”

“தெரியும். திருப்பு.”

லாரி வந்த வழியே சின்னசேலம் தாண்டியது. பின்னால் தார்ப்பாய்க்குள் கிழங்கு வெந்துகொண்டிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. வீட்டில் வேகாத கிழங்கு அங்கே வேகிறதே என்று ஒரு ஜோக் வாய் வரைக்கும் வந்தது. நல்ல வேளை, விழுங்கிவிட்டேன். சிவப்பு மில் கேட்டுக்குள் லாரி நுழைந்ததும் நான் இறங்கக் கதவைத் திறந்தேன்.

“நீ எறங்காத” என்றார் அக்கா. அதுவரைக்கும் எனக்கு ‘ங்க’ போட்டுத்தான் பேசியிருந்தார். “செவப்பு போட்டதுக்கு அந்தாளுக்கு உன்மேல எரிச்சல் இருக்கும். நீ யாருன்னு தெரிஞ்சா ரெண்டு பாயிண்ட் கொறைப்பாரு.”

டிரைவர் தன் துண்டை எடுத்து என் தலையில் போட்டார். டீசல் நாற்றம். அந்தத் துண்டின் இடுக்கு வழியாகத்தான் மீதியைப் பார்த்தேன்.

முதலாளி பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். போனில் கேட்ட குரலுக்கு ஆள் ரொம்பச் சின்னவர். அங்கே ஒரு பழக்கம் இருந்தது. கூடையில் பாதியை மில் ஆள் எடுக்கிறார், மீதிப் பாதியைக் கிழங்குக்காரரே எடுத்துப் போடுகிறார். அக்கா லாரிமேல் ஏறி, நடுவில் கையை விட்டு, தடித் தடியாக நாலைந்தை எடுத்துப் போட்டார். அந்த ஆள் பாதி, இந்தப் பெண் பாதி. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. என் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. இப்படி ஒன்று இருக்கும் என்று எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை.

“இருபத்தாறரை.”

“அரை எங்கங்க போச்சு?”

“வெயில்ல போச்சு. காலையில இந்த வழியாதான போன? உன் லாரிய நான் பாத்தேன். காலையிலியே போட்டிருந்தா இருபத்தேழு. இப்ப தோலெல்லாம் சுண்டிகினு கீது. மூட்டைக்கு எடையில ரெண்டு கிலோ தள்ளுவேன்.”

“ஒரு கிலோ தள்ளுங்க.”

“ரெண்டு. ஏன் நிக்காம போன?”

“வழி சொன்னவரு தப்பா சொல்ட்டாரு.”

“யாரு?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “டிரைவரு.”

டிரைவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் துண்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டேன்.

தள்ளின கிலோ, போன அரைப் பாயிண்ட், திரும்பி வந்த வாடகை, இரண்டு மில்லிலும் லாரி காத்திருந்ததற்கான காசு. எல்லாம் போக அக்கா கையில் வந்தது, அவர் என் கடைக்கே வராமல் இருந்திருந்தால் வந்திருக்கும் அளவுகூட இல்லை. மில் வாசலிலேயே மேஸ்திரிக்குப் போன் போட்டுப் பேசினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இந்தப் பக்கம் அக்கா சொன்னது மட்டும் கேட்டது. “பெரிய ரூமுக்கு மட்டும் போடு. சமையல் ரூமுக்கு ஷீட்டு போட்டுக்கலாம்.” வித்தியாசத்தை நான் தருகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். “உன் ஊட்ல நீ அடி வாங்கறதுக்கா?” என்று மட்டும் கேட்டுவிட்டு லாரியில் ஏறிவிட்டார்.

அப்புறம் ஒரு வாரம் நான் வெப்சைட் பக்கமே போகவில்லை. ஆத்தூர் ரோட்டுக் கணக்கர் தினமும் கூப்பிட்டார், எடுக்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீ குடித்ததைத் தவிர. பிறகு அதையும் சொன்னேன்.

“அந்த வெப்சைட்ட மூடிடுங்க” என்றாள்.

மூட மனசு வரவில்லை. சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். குழப்பம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. மில் சொல்லும் விலையைப் போடுவதை நிறுத்தினேன். கிழங்கு போட்டவர்களிடம், மில்லில் கொடுத்த சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எத்தனை பாயிண்ட், எத்தனை கிலோ தள்ளினார்கள், கடைசியில் மூட்டைக்கு எவ்வளவு கைக்கு வந்தது. இது பொய் சொல்லாது அல்லவா? சீட்டு வந்தது. ஒரே மில், ஒரே நாள், ஒருத்தருக்கு இருபத்தெட்டு பாயிண்ட், இன்னொருத்தருக்கு இருபத்து மூன்று. மில் ஏமாற்றியதா, இல்லை அவர் கிழங்கு சரியில்லையா? ஒருவர் மழை பெய்த மறுநாள் பிடுங்கியிருக்கிறார். ஒருவர் எட்டு மாசத்திலேயே பிடுங்கிவிட்டார். ஒருவர் சீட்டில் பாயிண்டே இல்லை, முதலாளி சொந்தக்காரராம்.

‘கூடையை நிரப்புவது யார்?’ என்று ஒரு கட்டம் போட்டேன். மில்களைக் கேட்டேன். எல்லோரும் “விவசாயிதாங்க” என்றார்கள். ஆத்தூர் ரோட்டுக் கணக்கர், “விவசாயி கைதான் சார் முதல் கை” என்றார்.

பச்சை சிவப்பை எடுத்தேன். அகர வரிசையில் போட்டேன். ‘அ’வில் ஆரம்பிக்கிற மில்லுக்கு லாரி ஜாஸ்தியாகப் போக ஆரம்பித்தது. மேலே இருப்பதுதான் நல்லது என்று என்னிடமே கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். தூரத்தை வைத்து வரிசை போட்டேன். யாருக்கு எவ்வளவு தூரம்? சங்கராபுரத்துக்காரருக்கு ஒன்று, தியாகதுருகத்துக்காரருக்கு ஒன்று. கடைசியில் வரிசையே இல்லாமல், வந்த சீட்டுகளை வந்தபடியே போட்டேன். ‘நம்பகமானது’ என்ற வரியை அழித்தேன். அந்த இடம் காலியாக, அசிங்கமாக இருந்தது. நிறைய யோசித்து ஒரு வரி எழுதினேன்: ‘எந்த மில் நல்லது என்று எனக்குத் தெரியாது. கிழங்கு போட்டவர்களின் சீட்டுகள் கீழே இருக்கின்றன. கூடையில் நீங்களும் நாலு கிழங்கு எடுத்துப் போடக் கேளுங்கள்.’

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உண்மையாக ஒன்றை எழுதிவிட்டோம் என்ற திருப்தி. அக்காவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவர் அதற்கப்புறம் கடைக்கு வரவில்லை. பிரிண்ட் எடுக்க வேறு எங்கோ போகிறார் என்று பஸ் கண்டக்டர் மூலம் தெரிந்தது.

வைகாசியில் அக்காவின் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் அடுத்த வாரம், ஒரு எவர்சில்வர் தவலையை வாங்கிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் தவலை உருண்டு உருண்டு யார் யார் காலிலோ இடித்தது. ஒரு பெரியவர், “தவலைக்கு டிக்கெட் எடுத்தியா?” என்று கேட்டார்.

அக்கா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். “வாங்கண்ணா” என்றார், ‘ங்க’ போட்டு. தவலையை வாங்கிக்கொண்டார். பெரிய ரூமைக் காட்டினார். மேலே காங்கிரீட், வழவழவென்று பூசியிருந்தது. சமையல் ரூமையும் காட்டினார். மேலே தகர ஷீட். முந்தின நாள் மழையில், ஷீட்டும் சுவரும் சேர்கிற இடத்தில் தண்ணீர் இறங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருந்தார். வாளியில் பாதிக்குத் தண்ணீர். நான் அதைப் பார்க்காத மாதிரி, அடுப்பு நல்ல அடுப்பு என்றேன்.

காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குடித்துக்கொண்டே போனை எடுத்துப் புது வெப்சைட்டைத் திறந்தேன். மேலே எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். எந்த மில் நல்லது என்று எனக்குத் தெரியாது. மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். எப்படி இருக்கிறது அக்கா என்று கேட்டேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

“நல்லா எய்திகிற. இந்தத் தெரியாதுங்கறத அன்னிக்கி ஸ்டூலு போட்டு உக்கார வெச்சப்பவே சொல்லியிருந்தின்னா, நான் வாளி வெச்சிகினு சமைக்க மாட்டேன்.”